ஒரு பெயரில் மூவர்

34 வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதில் பெயர்க் குழப்பம் இரண்டு விதமாக வரும். ஒரே ஆளுக்கு இரண்டு பெயரில் இரண்டு கோப்பு இருப்பது முதல் விதம். எத்தா சிவில் பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில் இன்னொரு பெயர். புதுச்சேரியில் இது வீட்டுக்கு வீடு உண்டு. இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, இரண்டு கோப்பையும் சேர்த்து நாடா கட்டிவிட்டால் தீர்ந்தது.

இரண்டு ஆட்கள் ஒரே கோப்பில் இருப்பது இரண்டாவது விதம். இதற்கு நாடா உதவாது. ஒரு அலுவலகத்தில் (எது என்று வேண்டாம்) ஒரே பெயர், ஒரே தகப்பனார் பெயர் கொண்ட இரண்டு பேர் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்கள். ஒருவருடைய விடுப்புக் கணக்கும் சம்பள உயர்வு ஆணைகளும் மற்றவருடைய பணிப்பதிவேட்டில் ஏறிக்கொண்டே வந்திருந்தன. இரண்டு பேரும் உயிரோடு இருந்தவரை யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் இறந்து, அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு வந்து நின்ற நாளில்தான் வெளிப்பட்டது. அந்தப் பதிவேட்டைப் பிரித்து, எந்தப் பக்கம் யாருடையது என்று முடிவு செய்ய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. சில பக்கங்களை இன்றுவரை யாருடையது என்று சொல்ல முடியாது.

இன்றைக்கு எழுத வந்தது அலுவலகக் கதையல்ல, வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி. ஆனால் அவற்றுக்குப் பெயர் வைத்தவர்களும் இதே இரண்டு விதமாகத்தான் மாட்டிக்கொண்டார்கள். அதனால்தான் அந்தச் சரித்திரம் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதல் விதத்துக்கு உதாரணம் நம் கொல்லையிலேயே இருக்கிறது. கறிவேப்பிலைச் செடி, எலுமிச்சை, வில்வம் இவற்றின் தளிரில் முட்டையிட வரும் கறுப்புப் பூச்சியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இப்போது தமிழில் கறிவேப்பிலை அழகி என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆண் கறுப்பு, பின்சிறகின் குறுக்கே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். பெண்ணோ மூன்று வேஷத்தில் வருகிறது. ஒன்று அச்சாக ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்றுக்குப் பின்சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும். மூன்றாவதுக்கு முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகு நிறைய ரத்தச் சிவப்புப் பொட்டுகள்.

பின்சொன்ன இரண்டு வேஷமும் கடன் வாங்கியவை. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய கொடிகளைத் தின்று வளரும் இரண்டு வேறு பூச்சிகள் இருக்கின்றன. அந்தக் கொடிகளின் விஷம் உடம்பில் ஏறியிருப்பதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. நம் கறிவேப்பிலைக்காரியின் உடம்பில் விஷம் ஏதும் இல்லை. விஷமுள்ளவளின் சேலையைக் கட்டிக்கொண்டு பிழைக்கிறாள். ஒரு அடையாளம் சொல்கிறேன்: அசலுக்கு உடம்பும் சிவப்பாக இருக்கும், வேஷக்காரிக்கு உடம்பு கறுப்பு.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் தமது பெரிய பட்டியலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது இந்தப் பூச்சிகள் காய்ந்த உடலாக, ஊசி குத்திய பெட்டிகளில்தான் ஐரோப்பா போய்ச் சேர்ந்திருந்தன. எது எதோடு கூடிற்று, எது எந்த முட்டையில் பிறந்தது என்று அங்கே யார் கண்டது? அவர் ஆணுக்கு ஒரு பெயரும் வேஷம் போட்ட பெண்ணுக்கு வேறொரு பெயரும் வைத்துத் தனித்தனி இனமாகப் பதிந்துவிட்டார். பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு டிராய் யுத்தத்து வீரர்களின் பெயரை வைப்பது அவர் வழக்கம். ஆண் பம்மோன், பெண் போலிட்டெஸ். இருவரும் டிராய் மன்னன் பிரியாமின் பிள்ளைகள். ஆக, புருஷன் பெண்சாதியை அண்ணன் தம்பியாகப் பதிவு செய்தார். சிவப்பு உடம்புள்ள அசல் பூச்சிக்கு அவர் வைத்த பெயர் ஹெக்டர். அவனும் பிரியாமின் பிள்ளைதான்! அந்த ஹெக்டரின் வேஷம் கட்டும் பெண்ணைப் பின்னால் கிராமர் என்ற டச்சு வணிகர் மூன்றாவது இனமாக, ரோமுலஸ் என்ற பெயரில் எழுதி வைத்தார்.

ஒரே குடும்பத்துக்கு மூன்று பெயர். இதை அவிழ்த்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். மலாய்த் தீவுகளில் எட்டு வருடம் அலைந்து பூச்சி பிடித்தவர். 1864-ல் லண்டனில் படித்து மறு வருடம் அச்சான கட்டுரையில், இவை ஒரே இனத்தின் பல பெண் வடிவங்கள் என்று எழுதினார். வளர்த்துப் பார்த்து நிரூபித்தவர் ஃப்ரையர் என்ற வெள்ளைக்காரர், அதுவும் இலங்கையில். தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மகள் என்று குறித்து, 1913-ல் வெளியிட்டார். தாயின் வேஷத்தை மகன் வெளியே காட்டாமலே தன் மகளுக்குக் கொடுக்கிறான் என்பதும் மெண்டல் சொன்ன கணக்கில் அது இறங்குகிறது என்பதும் அவர் கண்டது. அந்த வேஷத்துக்குப் பொறுப்பான மரபணு இன்னது என்று 2014-ல் பிடித்தவர்களில் ஒருவர் பெங்களூரில் பணியாற்றும் கிருஷ்ணமேக் குண்டே.

பழைய பெயர்கள் என்ன ஆயின? போலிட்டெஸ் நிலைத்தது, பம்மோன் அதன் மறுபெயர் ஆயிற்று, ரோமுலஸ் ஒரு வடிவத்தின் அடையாளமாகச் சுருங்கிற்று. யாருக்கும் நஷ்டமில்லை. பம்மோன் என்று எழுதி வைத்த பழைய குறிப்புகளையெல்லாம் போலிட்டெஸ் என்று வாசித்துக்கொண்டால் போதும். நான் சொன்ன உறுதிமொழிப் பத்திரம் இதுதான்.

இரண்டாவது விதத்தை நான் தெரிந்துகொண்டது பிரான்சில். 2016-ல் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்பெயின் எல்லையை ஒட்டி, பிரனே மலை அடிவாரத்தில், பெர்ப்பிஞானுக்கு உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். மே மாதக் கடைசி. ஒன்பது வயதுப் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் பூச்சிக் குறிப்பேடு எழுதச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் ஒரு சின்ன வெள்ளைப் பூச்சி. பறக்கத் தெரியாததுபோல் தயங்கித் தயங்கிப் பறந்தது. உட்காரும்போது எப்போதும் சிறகை மூடிக்கொண்டே உட்கார்ந்தது. அவள் தன் அம்மாவின் போனில் படம் எடுத்தாள்.

"இதுக்குப் பேர் என்ன தாத்தா?"

பூச்சிக்கு எனக்கென்ன தெரியும்? மாப்பிள்ளையின் அலமாரியில் கையேடு ஒன்று இருந்தது. புரட்டினோம். படம் உடனே கிடைத்துவிட்டது. பியெரித் த லா முத்தார்த், கடுகு வெள்ளையன் என்று சொல்லலாம். குழந்தை எழுதத் தொடங்கிவிட்டாள். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: பியெரித் த ரெயாலிடமிருந்து இதைப் பார்வையால் பிரித்தறிய முடியாது. அடுத்த பக்கத்தில் அந்த ரெயால். படத்துக்குப் படம் ஒரு வித்தியாசமும் இல்லை.

"அப்போ எதை எழுதறது?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊர் திரும்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்தேன். பிரெஞ்சில் படித்தது இந்த வயதில் இதற்காவது பயன்பட்டது.

கடுகு வெள்ளையன் என்ற பெயரும் லின்னேயஸ் வைத்ததுதான், அதே 1758-ல். லத்தீனில் சினாபிஸ் என்றால் கடுகு. அதன் புழு கடுகுச் செடியைத் தின்பதே இல்லை. பட்டாணிக் குடும்பத்துக் காட்டுக் கொடிகளைத்தான் தின்னும். அது கிடக்கட்டும். அயர்லாந்திலிருந்து மத்திய ஆசியா வரை கண்ட இடமெல்லாம் காணப்படும் சாதாரணப் பூச்சி என்று இருநூறு வருடத்துக்கு மேல் எல்லாருக்கும் ஒரே நினைப்பு.

1988-ல் பியேர் ரெயால் என்ற பிரெஞ்சுக்காரர், ஜூரா மலைப் பகுதிப் பூச்சிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில், கீழைப் பிரனே மலையிலிருந்து கிடைத்த சில வெள்ளைப் பூச்சிகளைத் தனியாகப் பிரித்தார். சிறகில் ஒன்றும் இல்லை. வயிற்று நுனியை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஆணின் குறி நீளமாக இருக்கிறது, பெண்ணின் உள்குழாயும் அதற்கேற்ப நீளம்.

பூச்சி ஆராய்கிறவர்கள் ஏன் அங்கே போய்ப் பார்க்கிறார்கள் என்று வாசகர்கள் சிரிக்கலாம். அதற்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. லெயோன் துய்ஃபூர் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1844-லேயே சொன்னது: இந்த உறுப்புகள் பூட்டும் சாவியும் மாதிரி, ஒரு இனத்தின் சாவி இன்னொரு இனத்தின் பூட்டில் சேராது, அதனால்தான் இனங்கள் கலக்காமல் இருக்கின்றன. எல்லாப் பூச்சிக்கும் இது சரி என்று இன்று யாரும் ஒப்புவதில்லை. ஆனாலும் அடையாளம் காண இதைவிடக் கைகொடுத்த உறுப்பு வேறில்லை.

ரெயால் தம் புது இனத்துக்கு லோர்க்கோவிச்சி என்று பெயர் வைத்தார். ஸ்த்ராவ்கோ லோர்க்கோவிச் அப்போது எண்பது தாண்டியவர். குரோஷியா நாட்டு ஸாக்ரெபில், பூச்சிகளின் குரோமோசோம்களை எண்ணுவதிலேயே ஆயுளைச் செலவிட்ட மனிதர். மரியாதைக்காக வைத்த பெயர். வந்தது வினை. அந்தப் பேரினத்தில் அதே லோர்க்கோவிச்சி என்ற பெயரை 1932-லேயே ஒருவர் வேறொரு வெள்ளைப் பூச்சியின் துணையினத்துக்கு வைத்திருந்தார். ஒரு பேரினத்துக்குள் ஒரு பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்பது விலங்குப் பெயர் விதி. ரைசிங்கர் என்ற ஜெர்மானியர் அதை எடுத்துப் போட்டுவிட்டு, கண்டுபிடித்தவர் பெயராலேயே ரெயாலி என்று மாற்றினார். அந்த இதழில் அச்சிட்ட வருடம் 1989. கைக்கு வந்தது 1990. ஆகவே சிலர் 1989 என்றும் சிலர் அடைப்புக்குறிக்குள் 1990 என்றும் எழுதுகிறார்கள். ஆணையின் தேதியா, அமலுக்கு வந்த தேதியா? எங்கள் பிரிவில் இதற்காகவே ஒரு மதியம் முழுக்கச் சண்டை நடந்தது உண்டு.

கதை அதோடு நிற்கவில்லை. பிறகு கிழவர் லோர்க்கோவிச்சே பேனாவை எடுத்து, ஆமாம், இது தனி இனம்தான் என்று விளக்கமாக எழுதினார். தம் பெயரை இழந்த பூச்சிக்கு, தமக்கு மரியாதை செய்தவரின் பெயரிலேயே சான்று கொடுத்தார். இந்தச் செய்தியைப் படித்தபோது அந்த முதியவர் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. 1998 வரை வாழ்ந்தார்.

இனிமேல்தான் கோப்பு பிரிகிறது. ஐரோப்பா முழுவதும் அருங்காட்சியகங்களில் சினாபிஸ் என்று சீட்டு ஒட்டிய பெட்டிகளைத் திறந்து வயிற்றை அறுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெட்டிக்குப் பெட்டி இரண்டும் கலந்திருந்தன.

அயர்லாந்தில் ஒரு பழைய புதிர் இருந்தது. இங்கிலாந்தில் இந்த வெள்ளைப் பூச்சி காட்டுக்குள் வெயில் விழும் வழித்தடங்களில் வாழும். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. கடல் தாண்டி அயர்லாந்திலோ அதே பூச்சி திறந்த வெளியில், ரயில் பாதை ஓரத்தில், கைவிட்ட கல்குவாரியில் எல்லாம் பரவிக்கொண்டே போயிற்று. ஒரே பூச்சிக்கு இரண்டு ஊரில் இரண்டு தலையெழுத்தா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2001-ல் அறுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. அயர்லாந்தில் பரவுவது நீளக்குறிக்காரன். பழைய சினாபிஸ் அங்கே இருப்பது தீவின் மேற்கே, பர்ரென் என்ற சுண்ணாம்புப் பாறைப் பிரதேசத்தை ஒட்டி மட்டும். பரவுகிற ஒருவன் பெயரில், பாறைக்கு நடுவே சின்ன இடத்தில் ஒதுங்கிக் கிடந்த மற்றவன் மறைந்திருந்தான். நாடு முழுக்க ஏராளம் என்ற கணக்கில் இருக்கும்வரை அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சரி, குறியின் நீளம் வேறு என்றால் இனமும் வேறா? நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது எங்கள் இயற்கை அறிவியல் வாத்தியார் லின்னேயஸைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் பூஃபோனைப் பற்றி ஒரு வாரம் பேசுவார். பிரெஞ்சுக்காரர் அல்லவா! இருவரும் 1707-ல் பிறந்தவர்கள், கடைசிவரை ஒத்துப்போகவில்லை. உருவத்தை வைத்து அடுக்குவது மனிதன் தன் வசதிக்குச் செய்துகொள்வது என்பது பூஃபோன் கட்சி. எவை கூடிக் குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வம்சம் வளர்க்கிறதோ அவைதான் ஒரு இனம். குதிரையும் கழுதையும் கூடினால் கோவேறு கழுதை பிறக்கும், அதற்கு வம்சம் கிடையாது, ஆகவே இரண்டும் வேறு. 1753-ல் கழுதையைப் பற்றி எழுதியபோது இதை விஸ்தாரமாக வாதித்திருக்கிறார்.

வெள்ளைப் பூச்சிகளிடம் இந்தச் சோதனையை ஸ்வீடனில் செய்தார்கள். முடிவு 2008-ல் வந்தது. இந்தப் பூச்சி காதல் செய்யும் விதம் வேடிக்கையானது. ஆண் பெண்ணுக்கு எதிரே, முகத்துக்கு முகம் உட்கார்ந்துகொண்டு, சுருட்டி வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை நீட்டி அவள் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும். பெண் சம்மதித்தால் வயிற்றை வளைத்துக் கொடுப்பாள். இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பாள். இரண்டு இனத்தையும் ஒரே கூண்டில் விட்டபோது, ஆண்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எவள் எதிரே வந்தாலும் குழலை ஆட்டினார்கள். பெண்கள் ஏறக்குறைய ஒருவர் விடாமல் தன் இனத்தானுக்கு மட்டுமே வளைந்து கொடுத்தார்கள். சாவி பூட்டுவரை போகவே இல்லை. லின்னேயஸ் முதல் மாப்பிள்ளையின் கையேடு வரை யாராலும் கண்ணால் பிரிக்க முடியாததை அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து பிரித்துவிடுகிறாள். இதைப் படித்ததும் என் மனைவியிடம் சொன்னேன். "இதுல என்ன அதிசயம்?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

இரண்டு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு மூச்சு விட்ட நேரத்தில் 2011 வந்தது. ருமேனியரான டிங்கா, ரஷ்யரான லுக்தானொவ், பார்சலோனாவைச் சேர்ந்த தலவேரா, வீலா ஆகியோர் பல நாட்டுப் பூச்சிகளின் டி.என்.ஏ.வையும் குரோமோசோம்களையும் ஒப்பிட்டு, நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதினார்கள்: இரண்டு அல்ல, மூன்று. ரெயாலி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்ததற்குள்ளேயே இன்னொருவன். அசல் ரெயாலி ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலிப் பக்கம் மட்டும்தான். அயர்லாந்து தொடங்கிக் கிழக்கே கஜகஸ்தான் வரை இருப்பவன் வேறு. இவர்கள் இருவரையும் நுண்ணோக்கியில் வைத்து அறுத்தாலும் பிரிக்க முடியாது. குறி ஒரே அளவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. குறியளவில் ரெட்டைப் பிள்ளைகளாக இருக்கும் அந்த இருவரும் நெருங்கிய சொந்தம் இல்லை. டி.என்.ஏ. சொல்வது, ரெயாலிக்குக் கூடப்பிறந்தவன் சினாபிஸ் என்று. மூன்றாமவன் அதற்கு முன்பே பிரிந்து போன பங்காளி. அதாவது பின்னால் பிரிந்த சகோதரர்களை முதலில் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்போதோ பிரிந்த பங்காளி இருபது வருடத்துக்கு மேல் அவர்களில் ஒருவன் பெயரில் ஒளிந்திருந்தான். சிறகு ஏமாற்றும் என்று உள்ளுறுப்புக்குப் போனார்கள், அதுவும் ஏமாற்றிவிட்டது.

மூன்றாமவனுக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை. 1946-ல் வில்லியம்ஸ் என்பவர் அயர்லாந்துப் பூச்சியை சினாபிஸின் ஒரு துணையினமாகப் பிரித்து ஜூவெர்னிகா என்று பெயர் வைத்திருந்தார். ஜூவெர்னா என்பது அயர்லாந்துக்குப் பழைய லத்தீன் பெயர். சிறகின் அடிப்புறம் கொஞ்சம் பச்சை தட்டினாற்போல் இருப்பதாகச் சொல்லப்பட்ட பூச்சி. பெரிதாக யாரும் பொருட்படுத்தாத அந்தப் பெயர் 65 வருடம் கழித்து முழு இனத்தின் பெயராகப் பதவி உயர்வு பெற்றது. பழைய பெயர் செல்லுபடியாக இருக்கும்போது புதியது வைக்கக்கூடாது என்பதும் விதி. அயர்லாந்துக்காரர்கள் பாவம், 2001-ல் சினாபிஸை அடித்து ரெயாலி என்று எழுதியவர்கள், 2011-ல் அதையும் அடித்து ஜூவெர்னிகா என்று எழுதினார்கள். ஸ்வீடன் கூண்டில் இருந்ததும் ரெயாலி அல்ல, ஜூவெர்னிகாதான்.

அப்படியானால் குரோமோசோமை எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். மனிதனுக்கு 46 என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஒரு இனத்துக்கு ஒரு எண் என்றுதான் நினைத்திருந்தேன். சினாபிஸ் அந்தக் கணக்கையும் கலைத்துவிட்டது. அதே லுக்தானொவ் கோஷ்டி அதே 2011-ல் எழுதியது: ஸ்பெயின் நாட்டு சினாபிஸுக்கு 106 குரோமோசோம், கிழக்கே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, 6000 கிலோமீட்டருக்கு அப்பால் கிழக்குக் கஜகஸ்தானில் 56. இவ்வளவுக்கும் ஒரே இனம். குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இரண்டே எண் வித்தியாசத்தில் கோவேறு கழுதை மலடாகிறது. இங்கே ஐம்பது வித்தியாசம். 2018-ல் ஸ்பெயின் பூச்சியையும் கஜகஸ்தான் பூச்சியையும் கூட வைத்துப் பிறந்தவற்றைப் பார்த்தார்கள். அவை மலடாகவில்லை, வம்சம் வளர்த்தன. பூஃபோன் இருந்திருந்தால் இந்த ஒன்றுக்காகவே ஒரு தொகுதி எழுதியிருப்பார்.

ஆக, ஐம்பது குரோமோசோம் வித்தியாசத்தில் ஒரே இனம். ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று இனம்.

என் கவலையெல்லாம் பழைய பதிவேடுகளைப் பற்றித்தான். இருநூறு வருடமாகப் பாதிரிமார்கள், பள்ளி வாத்தியார்கள், தபால்காரர்கள் என்று எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வலையைத் தூக்கிக்கொண்டு போய், தேதி போட்டு, ஊர் போட்டு, சினாபிஸ் இத்தனை என்று எழுதி வைத்தார்கள். ஊசி குத்தி உடலை வைத்தவர்களுடைய பெட்டி தப்பித்தது; அதில் ஒரு காலை ஒடித்து டி.என்.ஏ. பார்க்கலாம். அயர்லாந்தில் ஊர் பெயரை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்: பர்ரென் பக்கம் என்றால் இவன், மற்ற இடம் என்றால் அவன். ஆனால் இரண்டு இனம் ஒரே புல்வெளியில் பறக்கும் ஐரோப்பிய ஊர்களில், உயிரைக் கொல்ல மனமில்லாமல் பார்த்ததை மட்டும் எழுதிவைத்த நல்ல மனிதரின் நோட்டுப் புத்தகத்தை என்ன செய்வது? பம்மோனைப் போலிட்டெஸ் என்று வாசித்த மாதிரி இதைத் திருத்தி வாசிக்க முடியாது. அவர் பார்த்தது யாரை என்பது அந்தப் பூச்சியோடு போயிற்று. எட்டு மாதம் உட்கார்ந்தும் என்னால் பிரிக்க முடியாத அந்தப் பணிப்பதிவேட்டுப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்த அம்மாளுக்குக் கடைசியில் ஓய்வூதியம் வந்தது. ஆனால் சந்தேகத்துக்கு இடமாக இருந்த மூன்று சம்பள உயர்வுகளை யார் கணக்கிலும் சேர்க்காமல்தான் தொகை நிர்ணயமானது. அவற்றில் ஒன்றாவது அவர் வீட்டுக்காரருடையதாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

இப்போது பிரான்சில் இப்படிக் குறிப்பெடுப்பவர்கள், பிடித்து அறுக்காதவரை, சினாபிஸ், நடுவில் ஒரு சாய்கோடு, ரெயாலி என்று எழுதுகிறார்கள். இரண்டில் ஒன்று, எது என்று தெரியாது என்று அர்த்தம். அரசாங்கப் பதிவேட்டில் இந்தச் சாய்கோட்டை மேலதிகாரி அனுமதித்திருக்க மாட்டார். ஏதாவது ஒன்றை எழுது என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

பேத்தியின் குறிப்பேடு இன்னும் மகள் வீட்டில் இருக்கிறது. போன மாதம் வீடியோவில் பேசியபோது அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். படம் ஒட்டியிருக்கிறது, தேதி, இடம், வெயில் அடித்தது என்பதுகூட எழுதியிருக்கிறாள். பெயருக்கு எதிரே முதலில் எழுதிய 'முத்தார்த்' அழிரப்பரால் அழித்த தடம் தெரிகிறது. அதன்மேல் எதையும் எழுதவில்லை. அவளுக்கு வாத்தியார் அதற்கு அரை மதிப்பெண் குறைத்தாராம்.